காட்பாடி இரண்டாம் நடைமேடை

அன்று காலை சாருமதி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, தன் ஸ்கூட்டி சாவியை அதன் கதவில் இருந்த முட்டைத் தட்டில் வைத்தாள்.

ஒலிப்பதிவு செய்கிறவர்கள் பலரிடம் உள்ள வழக்கம் அது. ஃப்ரிட்ஜின் முனகல் பதிவில் ஏறிவிடும் என்பதால் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தியதை மறந்தால் உள்ளே உள்ளதெல்லாம் கெட்டுப்போகும். சாவி உள்ளே இருந்தால், வெளியே கிளம்பும்போது கதவைத் திறந்தே ஆக வேண்டும். திறந்ததும் நினைவு வந்துவிடும். அவளுடைய வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதானாம்.

பிறகு மின்விசிறியை நிறுத்தினாள். நான் கூடத்தில் மெய்ப்புத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் மைக்கைக் கணுக்கால் உயரத்தில் நிறுத்திவிட்டு, மிக்ஸி ஜாரில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியைப் பார்த்தபடி அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே நடந்தாள். காலில் குதிகால் வலிக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு.

“வீட்டுக்குள்ள செருப்பா? உனக்கும் குதிகால் வலி வந்துடுச்சா?” என்றேன்.

“ஸ்ஸ்! போச்சு, போ. கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா வேலு உன்னால? மறுபடி முதல்லேர்ந்து.”

“எத்தனை தடவை நடப்ப அதையே?”

“சரியா வர்ற வரைக்கும். நீ ஒரே பக்கத்தை எத்தனை தடவை படிக்கறேன்னு நான் கேக்கறேனா?”

சரியாக வந்தபோது கீழே தினகரனின் கார் ஹாரன் அடித்தது. அவள் வகுப்புத் தோழன். பழவேற்காட்டு முகத்துவாரத்தில், புயலுக்கு முந்தைய அலையைப் பதிவு செய்ய இருவரும் போவதாக ஏற்பாடு. காரில் போனதால் ஸ்கூட்டி தேவைப்படவில்லை. ஸ்கூட்டி தேவைப்படாததால் சாவியும் தேவைப்படவில்லை. “மாவு வாங்கி வை, ராத்திரி தோசை” என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்.

மாலையில் மாவை உள்ளே வைக்கத் திறந்தபோது பால் திரிந்திருந்தது. “உன் முதல் பாடத்துல நீயே ஃபெயில்” என்று செய்தி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

படகு கவிழ்ந்துவிட்டதாக மறுநாள் சொன்னார்கள். படகோட்டியின் உடலும் தினகரனின் உடலும் கரை ஒதுங்கின. சாருமதி கிடைக்கவில்லை.

•

சாருமதி பதினோரு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவள். ஒருநாள் வந்து, வேலையை விட்டுவிட்டேன், மின்னணு இசையும் திரைக்கான ஒலியமைப்பும் படிக்கப் போகிறேன் என்றாள். சாலிகிராமத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது அந்த வகுப்பு. ஆறு மாதத்தில் எங்கள் வீடு மாறிப்போயிற்று. மிக்ஸி ஓடும் சத்தத்தைக் கணினியில் நீட்டி, அடியில் ஒரு அலையைச் சேர்த்து, பழைய லிஃப்ட் இறங்குவது போலச் செய்தாள். முறத்தில் உளுந்தைச் சரித்தால் ஓட்டுக்கூரை மழை. அப்பளத்தை ஈரத் துணியில் சுற்றி முறுக்கினால் எலும்பு முறிவு. அப்பளம் பொரிக்கும்போதெல்லாம் எனக்கு யாருக்கோ அடிபட்டது போலிருக்கும்.

அவளுக்குத் தனித்திறமையாக அமைந்தது நடைதான். படத்தில் ஒருவர் நடக்கும்போது நாம் கேட்பது பெரும்பாலும் அவர் நடந்த சத்தம் அல்ல. பிறகு ஓர் அறையில் வேறொருவர் திரையைப் பார்த்து நடந்தது. சாருமதி ரௌடிக்கு நடந்தாள், பேய்க்கு நடந்தாள், ஒரு விளம்பரத்தில் பென்ஷன் வாங்கும் கிழவருக்கு நடந்தாள்.

அவள் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. என் அத்தை சுலோச்சனா காட்பாடியில் தனியாக இருந்தார். முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், பொரிக்கடலையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே மகளை விளாசினார். “எம்.காம். படிச்சவ செருப்பு சத்தம் எடுக்கறாளாம், செருப்பு சத்தம். நாலு பேர்கிட்ட என்னன்னு சொல்லட்டும் நான்?” சாருமதி கைப்பேசியில் எதையோ படம் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அவருக்கு இன்னும் கோபமூட்டியது. மாலை வண்டிக்கே கிளம்பிவிட்டார். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. படகு கவிழ்ந்தது அந்த இடைவெளியில்.

•

செவி என்ற கருவியைப் பற்றி இப்போது யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அது புதிது. ரயில் நிலையங்களின் தரைக்கடியில் பதித்த ஒலி உணரிகள், காணாமற்போனவர்களை நடையால் அடையாளம் காணும் என்றார்கள். தடமறி மையம் என்று ஓர் அலுவலகம் திறந்திருந்தது. பெண்களும் பிள்ளைகளும் சிலர் கிடைத்தும் இருந்தார்கள். அத்தைதான் என்னைப் போகச் சொன்னார். “உடம்பு கிடைக்கலைன்னா ஆளு இருக்குன்னு அர்த்தம் மாப்ள. அடிபட்டு, பேரு மறந்து, எங்கயாவது சுத்திக்கிட்டிருப்பா. நான் வார்டுல பாத்திருக்கேன்.”

மையத்தில் திரிபுரசுந்தரி என்ற அதிகாரி என்னிடம் பேசினார். அலுத்துப்போகாத மனுஷி.

“அவங்க நடந்த சத்தம் ஏதாவது பதிவுல இருக்கா சார்?”

“வீடு பூரா அதுதான் மேடம் இருக்கு.” அவள் தொழிலைச் சொன்னேன்.

“ஐயையோ, அதெல்லாம் வேணாம். பேய்க்கு நடந்ததைக் குடுத்துட்டு அப்புறம் பேயத் தேடவா? அவங்க அவங்களா நடந்தது வேணும்.”

யோசித்தேன். என் கண்ணெதிரே, எங்கள் அடுக்களையில், ரௌடிக்கோ பேய்க்கோ அல்லாமல் அவள் கடைசியாக நடந்தது ஒன்றுதான் அப்படிப்பட்டது என்று எனக்குத் தோன்றியது. கணினியில் அவள் பெயரில் இருந்தது. “அதுல செருப்பு போட்டிருந்தா” என்றேன்.

“செருப்பு, சிமென்ட், மண்ணு எதுவும் கணக்கில்ல. உடம்போட எடை எப்படிக் கால்ல இறங்குது, ஒரு கால்ல எவ்வளவு நேரம் நிக்குது, திரும்பறப்ப எந்தப் பக்கம் தயங்குது, அதைத்தான் செவி கேக்கும். ஆள மாத்தலாம், நடைய மாத்த முடியாது.”

“வேணும்னே ஒருத்தர் மாத்தி நடந்தா?”

“நாலு அடி நடிப்பாங்க சார். அஞ்சாவது அடில சொந்தக் கால் வந்துடும்.”

“போற வர்றவங்க நடையெல்லாம் சேத்து வைப்பீங்களா?”

“கூடாது, சட்டம். நீங்க குடுத்ததோட ஒத்துப் பாக்கும். ஒத்து வரலைன்னா அந்த நிமிஷமே மறந்துடும். நம்மளவிட நல்ல குணம் அதுக்கு.”

அடுக்களைப் பதிவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தை பிறந்த பிறகு, முந்தைய நாள் கேட்டதாக மையத்திலிருந்து முதல் செய்தி வந்தது. சாருமதி ஞானவேல். காட்பாடி சந்திப்பு, இரண்டாம் நடைமேடை. ஒப்புமை உறுதி.

உடனே அத்தையை அழைத்தேன். மறுமுனையில் அவர் அழவில்லை. “காட்பாடியா? நேத்தா? உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனேனே, அங்கதான மாப்ள வண்டிக்கு நின்னுட்டிருந்தேன்! என்னைப் பாக்கத்தான் வந்திருக்கா. வழி தெரிஞ்சிருக்கு பாருங்க அவளுக்கு.”

மையத்தில் கேமராக் காட்சியைக் காட்டினார்கள். வண்டி வந்த நேரம், நடைமேடை முழுக்கத் தலைகள். சாருமதியின் முகம் எதிலும் இல்லை. முகத்தை மூடிய பெண்கள் பலர் இருந்தார்கள். ஓர் ஓரத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தை நடந்து போவது தெரிந்தது. இத்தனை அருகில், இத்தனை அருகில் என்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

•

அத்தை தினமும் காட்பாடி நிலையத்துக்குப் போகத் தொடங்கினார். செய்தியும் தினமும் வந்தது. வேலூர்ப் பக்கம் போலீஸார் விசாரித்தார்கள். அத்தை அரக்கோணம் வந்த நாளில் சாருமதியின் நடை அரக்கோணத்தில் கேட்டது. ஜோலார்பேட்டைக்குப் போனார், அங்கே கேட்டது. ஒருநாள் என்னிடம்கூடச் சொல்லாமல் சேலம் வரை போயிருக்கிறார். மறுநாள் சேலம் என்று செய்தி வந்ததை நான் அவருக்குச் சொன்னேன்.

“நான் போற இடத்துக்கெல்லாம் வர்றா மாப்ள” என்றார். “என் பின்னாடியே வர்றா. என் முன்னாடி மட்டும் வரமாட்டேங்கறா.”

“அப்படியெல்லாம் இருக்காதுத்தை.”

“வேற எப்படி? அவளுக்கு ஒண்ணும் மறக்கல. பேரும் மறக்கல, நான் பேசினதும் மறக்கல. செருப்பு சத்தம்னு சொன்னேன்ல, இப்போ அந்தச் சத்தத்தை மட்டும் கேளுடின்னு விட்டுட்டா.”

கூட்டத்தில் நடந்துகொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்ப்பாராம். பின்னால் வருகிறவர்கள் மோதித் திட்டுவார்களாம். “இடிச்சுக்கிட்டவங்கள்ல ஒருத்தியாவது அவளா இருக்கக் கூடாதா?” என்றார். மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அவரை இளைக்க வைத்துக்கொண்டிருந்தது. நான் வேறு விதத்தில் இளைத்தேன். அவள் அம்மாவைத் தேடி வருகிறாள், என்னைத் தேடி ஒரு நாளும் வரவில்லையே என்று நினைப்பேன். பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுவேன்.

இதற்குள் எங்கள் கதை மையத்தின் விளம்பரமாகத் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை, “கடலில் போனவர் என்று எல்லோரும் கைவிட்ட பெண்மணி, இப்போது அவர் நடை தினமும் கேட்கிறது” என்றார்கள். எப்படியோ விசாரித்துக்கொண்டு பழவேற்காட்டிலிருந்து பவுனம்மா என்ற அம்மாள் வந்தார். அதே புயலில் அவர் மகன் திரும்பவில்லை. முந்தானையில் சுற்றி ஒரு பென்டிரைவ் கொண்டுவந்திருந்தார்.

“அவன் நடந்ததா ஒண்ணும் இல்ல சார். அக்கா கல்யாணத்துல ஆடினான், அதான் இருக்குது. ஆட்டத்துலேர்ந்து நடைய எடுக்க முடியுமா, கேட்டுச் சொல்றியா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எடுக்க முடியும் என்றுதான் மையத்தில் சொன்னார்கள்.

சித்திரையில் அத்தை மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். அவர் படுத்திருந்த நாள்களில் ஒரு செய்திகூட வரவில்லை. “பாத்தீங்களா, நான் சாகக் கிடக்கறேன், எட்டிக்கூடப் பாக்கல” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் எழுந்து மருந்துக்கடை தாண்டி நிலையம் வரை நடந்த அன்று மாலை செய்தி வந்தது. காட்பாடி சந்திப்பு, இரண்டாம் நடைமேடை.

மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே இடத்தில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், அச்சுக்கோத்தவரை விட்டுவிட்டு மூலப்பிரதியைப் பார்க்கப் போவான். நான் சாலிகிராமத்துக்குப் போனேன்.

•

வகுப்பில் ஃப்ளோரா இருந்தார். சாருமதியோடு படித்தவர், மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். அன்று பாடற்குழு ஒத்திகை இருந்ததால் பழவேற்காடு போகாமல் தப்பியவர். அதற்காக என்னைக் கண்டால் எப்போதும் கொஞ்சம் குனிந்துகொள்வார். அடுக்களைப் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டி, மையத்துக்கு இதைத்தான் கொடுத்தேன் என்றேன்.

ஃப்ளோரா ஹெட்போனைக் கழற்றினார். “சார், இது சாரு நடந்ததுதான். ஆனா சாருவோட நடை இல்ல.”

“புரியல.”

“எங்க கடைசி பாடம் சார் இது. வீட்ல ஒருத்தரைச் சத்தமில்லாம படம் பிடிக்கணும். அப்புறம் அந்தப் படத்துக்கு மொத்த சத்தத்தையும் நாமளே செய்யணும், அந்த ஆளோட சத்தம் ஒண்ணுகூட எடுக்கக் கூடாது. வீட்ல உள்ளவங்க கண்ண மூடிட்டுக் கேட்டு, யாருன்னு சொல்லணும். நான் எங்க வீட்டுக்காரரைப் பண்ணினேன். குறட்டைய சிந்தசைசர்ல வச்சேன். அவரு கேட்டுட்டு, ‘எந்த எருமைடி இது’ங்கறாரு.” சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சாரு யாரை எடுத்தான்னு உங்களுக்குத் தெரியாதா?”

சாருமதி வகுப்புக் கணினியில் விட்டுப்போயிருந்த காட்சியைத் திறந்து, பதிவை அதனோடு சேர்த்து ஓடவிட்டார்.

எங்கள் அடுக்களை. ஆயுத பூஜை. மேடையில் பொரிக் கிண்ணம். எம்.சி.ஆர். செருப்போடு அத்தை அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே நடக்கிறார். இரவு வார்டுகளில் யாரையும் எழுப்பாமல் நடந்து பழகிய கால். பாதம் முழுதும் ஒன்றாக இறங்குகிறது. திரும்பும்போது மட்டும் வலது குதிகால் தரையில் லேசாகத் தேய்கிறது. ஒவ்வொரு சத்தமும் அவர் காலிலிருந்தே பிறப்பது போல் இருந்தது. அவர் கேமராவைப் பார்த்துக் கையை நீட்டித் திட்டுகிறார். உதடு அசைகிறது. ஓசையில்லை. மறுபடி நடக்கிறார், நடை கேட்கிறது.

“நாலு அடிக்கு மேல யாராலயும் நடிக்க முடியாதுன்னு சொன்னாங்களே” என்றேன்.

“சாருவுக்கு அது நடிப்பா இல்ல போல சார்.” ஃப்ளோரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சின்னப் பிள்ளைலேர்ந்து ராத்திரி டியூட்டி முடிஞ்சு அம்மா வர்ற சத்தத்துக்கு முழிச்சுக் கிடப்பேன்னு சொல்லுவா. முப்பது வருசமா கேட்டிருக்கா.”

செவி எதையும் தவறாகக் கேட்கவில்லை. அத்தை மகளைத் தேடி நடந்தார். செவி அத்தையைக் கேட்டு, மகள் பெயரைச் சொன்னது.

•

சொல்லாமல் விட்டால் அவருக்கு மகள் இருக்கிறாள், வெறுக்கிற மகளாக. சொன்னால் மகள் இல்லை. ரயிலில் போகும்போது இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வாலாஜா தாண்டிய பிறகும் முடிவு வரவில்லை. வீட்டு வாசலில் அவர் வெளியே கிளம்பத் தயாராகக் கைப்பையோடு நின்றிருந்தார், நிலையத்துக்கு. அதைப் பார்த்ததும் முடிவாயிற்று.

“உக்காருங்கத்தை. ஒண்ணு காட்டணும்.”

மடிக்கணினியைத் திறந்தேன். எதையும் விளக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோயாளியின் அட்டையைப் படிப்பது போல முழுதாகப் பார்த்தார்.

“இது நான்.”

“ஆமாத்தை.”

“என் செருப்ப அங்கயே விட்டுட்டு வந்துட்டேன் அன்னிக்கு.” சற்றுப் பொறுத்து, “திரும்பறப்ப கால இழுக்கறேன், பாருங்க. எனக்கே தெரியாது” என்றார்.

பிறகுதான் சொன்னேன். வகுப்பின் கடைசிப் பாடம், அந்தக் காலை, நான் மையத்துக்குக் கொடுத்தது. அவர் மறுபடி போடச் சொன்னார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாதங்கள் நாற்காலிக்குக் கீழே அந்த நடையோடு சேர்ந்து மெல்ல அசைந்தன.

“நான் திட்டறேனே, அது ஏன் கேக்கல?”

“அதுக்கு அவ சத்தம் வைக்கலத்தை.”

தெருவில் காய்கறி வண்டி போயிற்று. அது தெருமுனை திரும்பும் வரை அவர் கண் திறக்கவில்லை.

“அப்போ அவளுக்குக் கோவம் இல்ல.”

“இல்லத்தை.”

“ஆளும் இல்ல.”

நான் மடிக்கணினியை மூடினேன். அவர் எழுந்து உள்ளே போய் முகம் கழுவினார். கழுவிவிட்டு வெகுநேரம் குழாயை மூடவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் ஈரம் அப்படியே இருந்தது.

“அந்த ஆபீஸ்ல போயி எடுத்துடுவீங்களா இனிமே? அவ பதிவை?”

“எடுக்கணும்த்தை. பொய்யில்லையா அது? போலீஸ்காரங்க தேடிட்டு இருக்காங்க.”

“என்ன பொய்? நடந்தது நான்தான, நடந்து காட்டினது அவதான?” கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “எடுக்காதீங்க மாப்ள. நான் நடக்கறப்ப அவ பேரு வரட்டும்.”

•

திரிபுரசுந்தரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேடுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பதிவை நீக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “ஆள் அனுப்பறத நிறுத்திடறேன். பதிவை குடும்பத்தார் எழுதிக் கேட்டாத்தான் எடுக்க முடியும். நீங்க கேக்கறீங்களா?” என்றார். இல்லை என்றேன். தொலைக்காட்சி விளம்பரத்தையும் நிறுத்துவதாகச் சொன்னார். சில மாதம் கழித்து நின்றது.

பவுனம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார். கடைசி வரை கேட்டார். “உன் சம்சாரத்துது தப்பாப் போச்சு. அதுக்காக என் புள்ளதும் தப்பாவே இருக்கணுமா?” என்று மீனைத் திருப்பிப் போட்டார். அவர் மகன் ஆடிய ஆட்டத்தை வைத்துக்கொண்டு செவி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான் செய்ததில் எது சரி என்று கேட்டால், அவர் முகத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்ல என்னால் முடியாது.

அத்தை இப்போது வெள்ளிக்கிழமைகளில் நிலையத்துக்குப் போகிறார். திரும்பிப் பார்ப்பதில்லையாம். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வீடு திரும்புகிறார். மாலையில் எனக்குச் செய்தி வருகிறது. சாருமதி ஞானவேல். காட்பாடி சந்திப்பு, இரண்டாம் நடைமேடை. ஒப்புமை உறுதி. பார்த்ததும் அவரை அழைத்து, “வந்துடுச்சுத்தை” என்பேன். “சரி மாப்ள” என்று வைத்துவிடுவார். இந்தச் செய்தி நிற்கும் வாரத்தில் எனக்கு இரண்டு பேர் இல்லாமல் போவார்கள்.

ஸ்கூட்டியைப் போன வருடம் ஃப்ளோராவுக்குக் கொடுத்தேன், மாற்றுச் சாவியோடு. சாருமதி வைத்த சாவி முட்டைத் தட்டில் இருக்கிறது.